கன்றிய சதை

அந்த அம்மாள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, ஒரு வருடமாகக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நான் படித்த ஸ்பானிஷ் இங்கே ஒன்றுக்கும் உதவப் போவதில்லை என்று. அந்தப் பதிவுகளில் பேசியவர்கள் நல்லவர்கள். நிதானமாக அறை வாடகை கேட்டார்கள், தக்காளி விலை கேட்டார்கள், ரயில் எப்போது வரும் என்று கேட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தார்கள். இந்தப் பிலார் அம்மாள் காத்திருப்பதில்லை. ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன் முதுகில் ஏறிவிடுகிறது. இறைச்சி என்கிறாள், அது புரிகிறது. கத்தி, புரிகிறது. பிறகு நீளமாக ஒன்று, அதில் எனக்கு ஒரு எழுத்துகூட இல்லை, வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது, நானும் அரை நொடி தாமதமாகப் பல்லைக் காட்டுகிறேன். ஸ்பெயினில் இந்தச் சரகோசாவுக்கு வந்து முதல் வகுப்பு, இறைச்சிப் பரிசோதனை. ஊரில் கால்நடை மருத்துவம் படித்து, சினைப்பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தவள், இங்கே பிள்ளைபோலப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வாசித்தாள். எல்லாப் பெயரும் தண்ணீர்போல ஓடிவந்து என் பெயரில் இடறி நின்றன. ஈசா, ஈசாக்கி, ஈசாக்கியாமால். இசக்கியம்மாள் என்று எழுந்து நின்று சொன்னேன். பக்கத்திலிருந்த ஆல்வரோ, சிவப்புத் தாடிக்காரன், அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் மேசைமேல் வைத்திருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் மூக்கின் நடுவில் ஒரே போடாகப் போட்டால் எலும்பு எந்த இடத்தில் உடையும் என்று எனக்கு அந்தக் கணத்தில் துல்லியமாகத் தெரிந்தது. உடையும் சத்தம்கூடக் கேட்டது. கை மேசைக்கு அடியில் தானாக மூடிக்கொண்டது.

இந்தக் கை. கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகம் அகலமாக, அப்பாவின் கை அப்படியே. பிறந்ததும் மருத்துவமனையில் என் கையை விரித்துப் பார்த்துவிட்டு, எம்புள்ளதான் என்று அப்பா சொன்னதாக அம்மா சொல்வாள். இன்ஸ்பெக்டர் சுடலைமுத்துவின் கை. மாதுளம்பழத்தை அப்பா மாதிரி யாரும் உரிக்க முடியாது, ஒரு முத்துகூட நசுங்காது, கிண்ணம் நிறைய உரித்து, சாப்பிட்டுப் படிட்டி என்று பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது விடுப்பு எடுத்து வேப்பிலையால் வருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அந்தக் கையை நான் வேறு வேலையில் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். போலீஸ் குடியிருப்பு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். சில சாயங்காலங்களில் அம்மா காரணமில்லாமல் டிவியைச் சத்தமாக வைப்பாள். குக்கர் விசில், டிவி, அதற்கும் அடியில் ஒரு சத்தம். துவைக்கிற கல்லில் ஈரத் துணியை அறைகிற மாதிரி. என் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்க பின்வீட்டுல இந்நேரத்துக்குத் துவைக்காங்களா என்று கேட்டாள். ஆமா என்று சொன்னேன். ஆமா என்று சொல்வது சுலபமாக இருந்தது. அப்புறம் அப்பா வருவார், கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவார், அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நாங்கள் கழுவுகிற மாதிரியே, விரலிடுக்குகளில் நிதானமாக. பிறகு, என்ன குழம்பு என்பார்.

திரையில் படம் ஓடுகிறது. ஆட்டிறைச்சிக் கூடம், கொக்கிகள், வரிசையாகத் தலைகீழாகத் தொங்கும் குட்டிகள். வெளியே இந்த ஊர்க் காற்று ஜன்னலை அடிக்கிறது. காற்றுக்கு இங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாலையில் நடந்து வரும்போது ஒரு கிழவரைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது, தொப்பி பறந்துபோய்விட்டது, அவர் வாய் முழுக்க வசவு. இப்போது பிலார் அம்மாள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கோல்பே. கோல்பே என்றால் அடி. அது எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும். லாரியில் ஏற்றும்போது அடி, இறக்கும்போது அடி, கதவில் இடித்துக்கொண்ட அடி, தடியால் அடி. வெட்டுக்கு முந்தின அடியா, பிந்தின அடியா. இதை வைத்துத்தான் குற்றம் லாரிக்காரனுடையதா கூடத்துக்காரனுடையதா என்று முடிவாகிறது என்கிறாள், அப்படித்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். பையில் போன் அதிர்ந்து அடங்குகிறது. யார் என்று எடுத்துப் பார்க்காமலே தெரியும். அப்பாவுக்கு எதிரான வழக்கை நடத்தும் வழக்கறிஞர் தேன்மொழி காலையில் அனுப்பிய செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. செய்தி நீளமில்லை. ‘ஸ்டேஷன் எதிரே இருக்கும் மருந்துக்கடைக் கேமராவில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் உள்ளே போவது தெரிகிறது. இறந்தவர் ஸ்டேஷனுக்கே வரவில்லை என்று உங்கள் அப்பா சொல்கிறார். அந்தப் பெண் நீங்களா? கட்டாயப்படுத்த மாட்டேன். ஆமா, இல்லை, ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.’ அதற்கு முன்னால் அம்மா கூப்பிட்டிருந்தாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்தச் சுடிதாரை அடுப்புல போட்டுட்டேன்ட்டி, நீ அன்னைக்கு ஹாஸ்டல்ல இருந்த, அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசாத, பச்சத்தண்ணி குடிக்காத, காய்ச்சிக் குடி என்றாள்.

மேசைக்கு ஒரு தட்டு வைக்கிறார்கள். எனக்கும் ஆல்வரோவுக்கும் சேர்த்து ஒன்று. ஆட்டுக்குட்டியின் தோள், தோல் உரித்தது, பக்கத்தில் கத்தி, கையுறை. குளிர்பெட்டியிலிருந்து வந்த ஈர வாடை. வெளிர்சிவப்புச் சதையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல், நடுவில் கறுப்பு, ஓரத்தில் நாவல்பழ நிறம். தொடாமலே தெரிந்தது எனக்கு. விரலால் அழுத்தினேன், களிமாதிரி அமுங்கியது. செத்துப்போன அந்தப் புத்ராமின் தொடை எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. உள்ளங்காலைப் பார்க்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில்தான் படித்தேன், தேன்மொழி அனுப்பியிருந்தார், இரண்டு உள்ளங்காலிலும் தொடைகளின் பின்பக்கத்திலும் என்று. ஜீப்பிலிருந்து குதித்தான், தலை ரோட்டில் பட்டு அந்த இடத்திலேயே செத்தான், மற்ற காயமெல்லாம் பிணத்தைத் தூக்கி ஜீப்பில் ஏற்றும்போது கல்லிலும் கம்பியிலும் உரசியது என்கிறார் அப்பா. அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏட்டு கனகராஜ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் பார்த்தபோது அந்த மனிதன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, பொத்தான் ஒன்று மாற்றித் தைத்தது. சாயப்பட்டறையில் மோட்டார் காணோம், வடக்கே எங்கிருந்தோ வேலைக்கு வந்தவன், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா போன் செய்து என்னை வரச் சொன்னார். அந்த வாரம் லீவுக்கு வந்திருந்தேன். ஏட்டி இசக்கி, நீதான் இந்தி படிச்சிருக்கேல்லா, இவன் என்ன சொல்லுதான்னு கேளு, ஒரு எழவும் விளங்கல. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனேன்.

பேர் என்ன என்று இந்தியில் கேட்டேன். புத்ராம் என்றான். மோட்டார் எங்கே என்றேன். அவன் பேசியது இந்தி இல்லை. வேறு ஏதோ, மலைக்காட்டுப் பக்கத்து மொழி, நான் அதுவரை கேட்டிராதது. அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினான், வேகமாக, நான் ஒரு பெண் என்பதால் புரிந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. திரும்பக் கேட்டேன். அவனும் திரும்பச் சொன்னான். பிறகு உதட்டை நக்கிக்கொண்டு ஒரே சொல்லைச் சொன்னான், தாக், தாக். கனகராஜ் சிரித்தார். அய்யா, தாக்கு தாக்குன்னு அவனே கேக்கான் பாருங்க. அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேனா? உதடு கொஞ்சம் அசைந்திருக்கும். புரியலப்பா என்றேன். என்ன புரியல? இவன் சொல்றது இந்தியே இல்லப்பா. நீ போய் ஜீப்ல உக்காரு, நான் புரிய வைக்கேன் என்றார் அப்பா, சட்டைக் கையை மடித்துக்கொண்டே, மாதுளை உரிக்கப் போகிறவர் மாதிரி. ஜீப்பில் உட்கார்ந்தேன். பேர் என்ன, மோட்டார் எங்க. துவைக்கிற சத்தம். பேர் என்ன. அதுதான் சொல்லிவிட்டானே, பேர் சொல்லிவிட்டானே அப்பா. மோட்டார் எங்க. இந்த முறை டிவி இல்லை, குக்கர் இல்லை, ஜீப்புக்குள் அனல், சீட்டில் ரெக்ஸின் கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். தாக் என்றால் அவன் மொழியில் தண்ணீர். எல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்துப் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். தண்ணீர் கேட்டிருக்கிறான்.

ஈசாக்கி. தலையைத் தூக்கினேன். பிலார் அம்மாள் எங்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். குள்ளமான உருவம், வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறாள். புரியவில்லை. வகுப்பு திரும்பிப் பார்க்கிறது. அவள் இன்னொரு முறை கேட்கிறாள், கொஞ்சம் சத்தமாக. புரியாதவர்களிடம் ஏன் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்? காதா கேட்கவில்லை எனக்கு? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்குள் வியர்த்து இறங்குகிறது. மூன்றாவது முறை, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து, விரலைத் தட்டின்மேல் நீட்டி, ஆந்தெஸ் ஓ தெஸ்புவெஸ்? இப்போது புரிந்தது. முன்னாலா, பின்னாலா? இந்தக் கன்றல் உயிர் போவதற்கு முன்னால் பட்ட அடியா, பின்னால் பட்டதா? ஒரே ஒரு சொல். இரண்டில் ஒன்று. இரண்டும் எனக்குத் தெரிந்த சொற்கள், முதல் மாதமே படித்தவை, சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால். பதிலும் தெரியும். ஊரில் இதைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அதைச் சொன்னால் இங்கே மட்டும் சொன்னதாகாது. அப்பா பக்கத்தில் நிற்கிறார், சட்டைக் கையை மடிக்கிறார், எந்தப் பக்கம் சொல்லப் போற என்று பார்க்கிறார். பிலார் அம்மாள் நான்காம் முறை கேட்கிறாள். அவள் முகத்தில் கோபமில்லை, இரக்கம், அது அதைவிட மோசம். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது நான். என் சட்டையில்தான் பொத்தான் மாறியிருக்கிறது. என்ன சொன்னாலும் அவர்களுக்கு விளங்காது, சும்மா இருந்தால் திமிர் என்பார்கள். அப்போது ஆல்வரோ என் பக்கம் சாய்ந்து, தட்டின் ஓரத்தில் கையை ஊன்றி, இரண்டு விரலை என் முகத்துக்கு நேராக ஆட்டி, ஒன்று, இரண்டு என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான், அதே களுக்குச் சிரிப்போடு. கத்தி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. ஊன்றிய அந்தக் கையைப் பார்த்தேன், மணிக்கட்டில் செம்பட்டை மயிர், நீல நரம்பு. சந்தோஷமாக இருந்தது எனக்கு. அதை மறைக்க முடியாது. உடம்பெல்லாம் ஒரு சூடான சந்தோஷம் ஓடியது, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து அந்தக் குட்டைக் கட்டைவிரலுக்கு. இப்படித்தான் இருந்திருக்கும் அப்பாவுக்கு. பேச்சு நின்றுபோன இடத்தில் கைக்கு இவ்வளவு தெளிவு வருமா? ஓங்கிக் குத்தினேன்.

தட்டு மணிபோல அலறியது. கத்தி ஆட்டுத் தோளில் எலும்புவரை இறங்கி நின்றது, அவன் சுண்டுவிரலிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி. அங்கேதான் குறிவைத்தேனா, கடைசி நொடியில் கை விலகியதா, சத்தியமாகத் தெரியாது. ஆல்வரோ கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனான். தாடிக்குள் முகம் வெளுத்துவிட்டது. எவ்வளவு சின்னப் பையன் என்று அப்போதுதான் பார்த்தேன். காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. கத்தியை உருவி, கன்றலின் குறுக்கே மெதுவாக வகிர்ந்து, சதையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினேன். இரத்தம் தசைநார்களுக்கு இடையே வேர்விட்ட மாதிரி பரவி உறைந்திருந்தது, எல்லோரும் பார்க்கலாம். ஆந்தெஸ் என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எப்படித் தெரியும் என்றாள் பிலார் அம்மாள். இப்போது சத்தத்தைக் குறைத்திருந்தாள். சொற்களைத் தேடினேன், கிடைத்ததையெல்லாம் அள்ளி வைத்தேன், உடைசலும் கோணலுமாக. இதயம் வேலை செய்கிறது. அடிக்கிறார்கள், இதயம் வேலை செய்கிறது, இரத்தம் நடக்கிறது, இங்கே, இங்கே. செத்த உடம்பு, அடித்தால், இரத்தம் நடக்காது. செய்துகொண்டிருந்தது என்று அவள் திருத்தினாள், இதயம் வேலை செய்துகொண்டிருந்தது. செய்துகொண்டிருந்தது என்று நானும் சொன்னேன். சரி என்றாள். பிறகு கையை நீட்டினாள், கத்தியை வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் நீ என்னைப் பார்க்க வேண்டும் என்றாள், எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக. அடுத்த மேசைக்குப் போனாள். ஆல்வரோவிடம் மன்னித்துக்கொள் என்றேன். அவன் தலையை ஆட்டினான். நாற்காலியை மட்டும் கிட்டே கொண்டுவரவில்லை, இடைவேளை விடும்வரை அந்தத் தூரம் அப்படியே இருந்தது.

இடைவேளையில் வெளியே வந்தேன். கதவைத் திறந்ததும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. கட்டடத்தின் பின்சுவரோடு ஒண்டிக்கொண்டு போனை எடுத்தேன். விரல் விறைத்திருந்தது. யோசிக்க நேரம் கொடுத்தால் மறுபடி ஜீப்பில் போய் உட்கார்ந்துவிடுவேன். தேன்மொழிக்கு எழுதினேன், ‘ஆமாம், அது நான்தான். உள்ளே அவரிடம் பேசினேன். வாக்குமூலம் தருகிறேன்.’ போய்விட்டது. இரண்டு நீலக் குறி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைக்குள் போடுவதற்குள் போன் அடித்தது. அப்பா. தேன்மொழி அதற்குள் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. சஸ்பெண்டில் வீட்டில் இருப்பவர், சாப்பிட உட்காரும் நேரத்தில் என் நினைவு வந்திருக்கும்.

“என்னட்டி, கிளாஸ் முடிஞ்சிட்டா?”

“இல்லப்பா, இடைவேளை.”

“என்ன இரைச்சல் அங்க?”

“காத்துப்பா.”

“குளிருதா? சொட்டர் போட்டிருக்கியா?” சோறு மெல்லும் சத்தம் கேட்டது. “பாசை விளங்குதா? பயலுவ யாரும் கேலி பண்ணுதானுவளா?”

“விளங்குதுப்பா.”

“எம்புள்ளல்லா.” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “அந்த வக்கீல் பொம்பள எதும் மெசேஜ் போட்டாளா?”

“போட்டாங்க.”

“பதில் போடாத. கேமராவுல மூஞ்சியே தெரியல. பச்சச் சுடிதாரு ஊருல ஆயிரம் பேரு போடுதாளுவ. நீ படிப்பப் பாரு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அப்போதே வைத்திருக்கலாம். அவருக்குத் தேன்மொழி மூலமாகவோ கோர்ட் மூலமாகவோ தெரியட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவர் சோறு மென்றுகொண்டிருந்தார், எனக்குச் சொட்டர் இருக்கிறதா என்று கேட்டார், அவருக்கு இதை நான்தான் சொல்ல வேண்டும்.

“பதில் போட்டுட்டேம்ப்பா. நான்தான்னு சொல்லிட்டேன்.”

மெல்லும் சத்தம் நின்றது. காற்றுக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“திரும்பச் சொல்லு” என்றார்.

“சொல்லிட்டேம்ப்பா. ஜீப்புல இருந்து குதிச்சுச் சாகலைன்னு சொல்லப் போறேன்.”

தட்டு எதன்மீதோ மோதி உடைந்தது. அம்மாவின் குரல் என்னங்க என்னங்க என்று ஓடிவந்தது. “கால ஒடச்சிருவேன்ட்டி. நீ எங்க இருந்தாலும் வந்து ஒடப்பேன். யாரு சோத்தத் தின்னுட்டு யாருக்குச் சாட்சி சொல்லுத? பெத்து வளத்து கடலு தாண்டி அனுப்புனவன ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?” இன்னும் சொன்னார். நான் அதுவரை சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டிருந்த வார்த்தைகளையெல்லாம் இப்போது என் பெயரோடு சேர்த்துச் சொன்னார். ஒவ்வொன்றும் தமிழ், ஒவ்வொன்றும் விளங்கியது. அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் நின்றேன். வைக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார்.

“ஸ்டேஷன்ல உயிரோட இருந்தாருப்பா. ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. தண்ணி கேட்டாரு.”

அம்மா விசும்புவது தூரத்தில் கேட்டது. அப்பா மறுபடி பேசியபோது குரலில் கோபமில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

“இருந்தாரா? மருவாதி போட்டு யாரட்டி சொல்லுத?”

“புத்ராம” என்றேன்.